தாத்தாவின் பீரோவில் கிடைத்த டிரை ஜின்: குடிக்கலாமா, எப்படி இருக்கும்?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா அங்கே ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் கொடுத்துவிட்டுப் போன கோர்டன்ஸ் என்ற லண்டன் கம்பெனியின் டிரை ஜின் பாட்டில் ஒன்று, தாத்தா காலமான பிறகு பீரோவைக் காலி செய்யும்போது பட்டு வேட்டிகளுக்கு அடியில் கிடைத்ததாம். பச்சைக் கண்ணாடி, மூடி திறக்கப்படவில்லை, லேபிளில் 70° ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. இன்னும் குடிக்கலாமா, இத்தனை வருஷத்தில் ருசி கூடியிருக்குமா, இப்போது கடையில் வாங்கும் ஜினிலிருந்து இது எப்படி வேறுபடும் என்று மூன்று கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் ஆசையோடு கேட்பது அதைத்தான். கூடியிருக்காது. விஸ்கி முதிர்வது மரப்பீப்பாயில். பாட்டிலில் அடைத்த பிறகு அதுவும் முதிர்வதில்லை. ஜின்னுக்கோ பெரும்பாலும் பீப்பாயே கிடையாது. ஜூனிப்பர் என்ற வாசனைக் காய், தனியா, பழத்தோல், சில வேர்கள் போட்டு வடித்து, தண்ணீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவந்து, மூடி போட்ட அன்றே அது முடிந்த சரக்கு. அப்படியானால் வெளிநாட்டில் பழைய ஜின் பாட்டில்களை ஏன் தேடித் தேடி வாங்குகிறார்கள்? அந்தக் காலத்துச் செய்முறையும் வீரியமும் வேறு என்பது ஒரு காரணம். அப்புறம், மூடிய பாட்டிலுக்குள்ளும் வாசனை எண்ணெய்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஆக, பழைய ஜினில் நாம் ருசிப்பது பாதி அந்தக் காலத்து லண்டன், பாதி நம் வீட்டு பீரோ செய்த வேலை.

உங்கள் பாட்டிலின் வயசை லேபிளே ஓரளவு சொல்லிவிடும். பிரிட்டிஷ் கணக்கில் 100° ப்ரூஃப் என்றால் கிட்டத்தட்ட 57 சதவீத ஆல்கஹால். அதனால் 70° என்பது 40 சதவீதம். பிரிட்டனில் 1980-லிருந்து சதவீதக் கணக்கு வந்துவிட்டது. ப்ரூஃப் மட்டும் போட்ட லேபிள் என்றால் அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். (நம் ஊர்ப் பாட்டில்களுக்கு இந்த விதி பொருந்தாது. பிரிட்டன்காரன் கைவிட்ட கணக்கை நாம் விடவில்லை. இங்கே லேபிளில் பார்க்கும் 42.8 சதவீதம் என்ற விசித்திரமான எண், அந்தப் பழைய 75° ப்ரூஃபேதான்.) ராணி பெயரில் அரச முத்திரை இருந்தால் 1952-க்குப் பிந்தையது. பட்டைக்கோடு இருந்தால் அவ்வளவு பழசு கிடையாது. 1950கள், 60களில் வந்த கோர்டன்ஸ் பாட்டில்கள் பலவற்றில் ஸ்பிரிங் வைத்த உலோக மூடி இருக்கும். திருகு மூடியா, ஸ்பிரிங் மூடியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பச்சைக் கண்ணாடி கோர்டன்ஸ் பிரிட்டனுக்குள் விற்பதற்கானது. ஏற்றுமதிக்கு வெள்ளைக் கண்ணாடி. வீரியமும் வேறு, அதிலே 47.3 சதவீதம் என்று பார்க்கலாம். ஆகவே உங்கள் பாட்டில் சென்னைத் துறைமுகத்து இறக்குமதிச் சரக்காக வந்திருக்க வாய்ப்புக் குறைவு. லீவு முடிந்து சீமையிலிருந்து திரும்பிய யாரோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது என்றுதான் நினைக்கிறேன். வட ஆற்காடு மாவட்டத்தில் அது சாதாரண விஷயமும் இல்லை. மதுவிலக்கு 1937-ல் சேலத்தில் தொடங்கி, இரண்டே வருஷத்தில் வட ஆற்காட்டுக்கும் வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும். 1971-ல் தளர்த்தி, 1974-ல் மறுபடி கொண்டுவந்து, 1981-ல் மறுபடி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் சீமைச்சரக்கு வைத்திருக்க பெர்மிட் வேண்டும். தாத்தா அதை வேட்டிக்கு அடியில் வைத்ததற்கு மரியாதை மட்டும் காரணமாக இருந்திருக்காது!

இனி ருசி. காட்பாடியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் இதே பச்சைப் பாட்டில், 60களின் சரக்கு, குடித்துப் பார்த்திருக்கிறேன். அவரிடமே ஏற்றுமதி வகை 47.3-ம் ஒன்று இருந்தது. பக்கத்தில் வைத்து ஒப்பிட, இப்போது பிரிட்டனில் விற்கும் கோர்டன்ஸும் வாங்கி வைத்திருந்தார். இது 37.5 சதவீதம், 1992-ல் 40-லிருந்து இறக்கினார்கள். வேறு வேறு வீரியத்தில் ஒரே பெயர், மூன்று கிளாஸ்.

பச்சைப் பாட்டிலைத் திறந்ததும் மூக்குக்கு முதலில் வந்தது ஜூனிப்பர் இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். தனியா. அதுவும் பச்சைத் தனியா இல்லை, சாம்பார்ப் பொடிக்கு வறுக்க வாணலியில் போட்டு, சூடேறி, இன்னும் நிறம் மாறாத அந்த நிலையில் எழும் மணம். ஜின்னில் ஜூனிப்பருக்கு அடுத்து அதிகம் சேர்வது தனியாதான், எனவே இது ஒப்புமை இல்லை, உள்ளே இருக்கும் சரக்கே அதுதான். தனியாவின் மணத்துக்குக் காரணமான லினலூல், லேசாகப் பூவாசமும் கொண்டது; பழைய பாட்டிலில் அந்தப் பூப்பக்கம் முன்னுக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரம் கிளாஸை அப்படியே விட்ட பிறகுதான் ஜூனிப்பர் எழுந்தது. புதிய ஜின்னில் அது மூக்கில் குத்தும் பிசின் வாடை. இதில் குத்தல் போயிருந்தது. காய்ந்த மரம், மெழுகு, கொஞ்சம் கற்பூரம். எலுமிச்சை எங்கே என்று தேடினேன். இல்லை. அதன் இடத்தில் மெல்லிய புதினா வாசம் ஒன்று நின்றது.

இதற்குக் காரணம் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அது காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். கெடும்போது உருவாகிறவற்றில் ஒன்று கார்வோன். புதினா வகைகளிலும் சீமைச் சோம்பிலும் இருக்கும் அதே பொருள். எனவே பழைய ஜின்னில் புதினா வாசம் வந்தால், அது செய்முறையில் சேர்த்ததாக இருக்க வேண்டியதில்லை, எலுமிச்சை போன வழியாகவும் இருக்கலாம். வேர்கள் அப்படிச் சட்டென்று போகிறவை இல்லை. ஏஞ்சலிகா வேரின் மண்வாசமும், ஆரிஸ் வேரின் பவுடர் போன்ற உலர்ந்த மணமும் அப்படியே இருந்தன. தோல் முதலில் போகும், விதை அடுத்து, வேர் கடைசி வரை நிற்கும்.

வாயில் வைத்தபோது வேறு கதை. மூக்கில் அடங்கியிருந்த ஜூனிப்பர் நாக்கின் நடுவில் வந்து உட்கார்ந்தது. எண்ணெய்ப் பதம் நன்றாகத் தெரிந்தது. நாக்கில் ஒரு கனம், பல்லின் பின்பக்கம் ஒரு வழவழப்பு. முதலில் லேசான இனிப்பு. டிரை ஜின்னில் சர்க்கரை கிடையாது, அது அதிமதுரத்தின் வேலை என்று நினைக்கிறேன். பிறகு தனியா, பிறகு மிளகு மாதிரி ஒரு காரம், கடைசியில் வேர்களின் கசப்பு. விழுங்கின பிறகும் அந்தக் கசப்பு நெடுநேரம் நின்றது, ஆனால் தொல்லையாக இல்லை. ஆல்கஹாலின் எரிச்சல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

47.3 பாட்டில்தான் அன்றைக்கு எனக்குப் பிடித்தது, இதில் தயக்கமே இல்லை. ஆல்கஹால் அதிகமாக இருந்தால் எண்ணெய்கள் அதிகம் கரைந்து நிற்கும். இதில் ஜூனிப்பர் முதல் மூச்சிலேயே இருந்தது, ஆரஞ்சுத் தோல்கூடக் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மணம் விரிந்தது. இன்னும் விட்டதும் கிளாஸ் லேசாகக் கலங்கியது. பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி: தண்ணீர் கூடும்போது கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் இன்றைய 37.5-ஐ வைத்துக் குடித்தால் பாவமாக இருந்தது. எலுமிச்சையும் சுறுசுறுப்பும் அதற்குத்தான் அதிகம், சந்தேகமில்லை. டானிக் என்ற கசப்புச் சோடா ஊற்றிக் குடிக்க அது போதும். தனியாகக் குடித்தால் நடுவில் ஒன்றும் இல்லை. வாசலும் கொல்லையும் இருக்கிற வீட்டில் கூடத்தைக் காணோம் என்கிற மாதிரி.

ஆனால் இதை வைத்து, பழசெல்லாம் உசத்தி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த அதிகாரியின் வீட்டில் பாட்டில்கள் இருந்தது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில், தேக்குப் பெட்டிக்குள். வேறொரு வீட்டில், வேலூர் சத்துவாச்சாரி பக்கம், ஓட்டுக்குக் கீழே பரணில் பல வருஷம் கிடந்த ஓர் உள்நாட்டு ஜின்னைத் திறந்தார்கள். மூடி சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்ததில் பெயின்ட் கடை வாடை. வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி. வேலூரைக் கிண்டலாக வெயிலூர் என்கிறோம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஓட்டுக்குக் கீழே இன்னும் எவ்வளவு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகலில் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிகிறது, இரவில் சுருங்குகிறது. மூடியின் உள்பக்கத்து கார்க் அல்லது பிளாஸ்டிக் வில்லை கொஞ்சம் காய்ந்திருந்தாலும் போதும், இந்த மூச்சு உள்ளே போய் வெளியே வரும். ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் அளவோடு வீரியமும் இறங்கும். லண்டனில் நிலவறையில் இருந்த பாட்டிலைப் பற்றி அங்கே எழுதுகிறவர்கள் சொல்லும் ருசி, நம் ஊர்ப் பாட்டிலுக்கு அப்படியே வராததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே திறக்கும் முன் மட்டத்தைப் பாருங்கள். கழுத்தில் நிற்கிறதா, தோள் வரை இறங்கிவிட்டதா? கழுத்தில் இருந்தால் நல்ல நம்பிக்கை வைக்கலாம். தோளுக்குக் கீழே போயிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்குள், துணிக்கு அடியில், இருட்டில் இருந்தது உங்கள் பாட்டிலின் அதிர்ஷ்டம். பச்சைக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும். நிறத்தையும் பாருங்கள். கோர்டன்ஸ் தண்ணீர் நிறத்தில் இருக்க வேண்டும். பச்சைக் கண்ணாடிக்குள் தெரியாது, ஊற்றித்தான் பார்க்க முடியும். மஞ்சள் தட்டியிருந்தால் மூடியின் கார்க்கோ துருவோ இறங்கியிருக்கிறது. (பூத்ஸ் என்ற இன்னொரு பழைய லண்டன் ஜின் பீப்பாயில் வைத்தெடுத்தது, அதற்கு இளமஞ்சள் இயற்கை. யாராவது அதைக் காட்டினால் கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம்.)

குடிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 40 சதவீத ஆல்கஹாலில் கிருமி எதுவும் வளராது. சீல் உண்மையிலேயே உடையாமல் இருந்தால், ருசி கெட்டிருக்கலாமே தவிர உடம்புக்கு மற்ற ஜின்னைவிடத் தனியாக ஒரு கேடு இல்லை. ஆனால் அந்த "உண்மையிலேயே" முக்கியம். மதுவிலக்குக் காலத்தில் சீமைப் பாட்டிலுக்கு, காலியானாலும், மதிப்பு இருந்தது. வேறு எதையோ ஊற்றி மூடி வைப்பதும் நடந்ததுதான். மூடியின் ஓரத்தில் நெம்பிய தடம், மெழுகு அல்லது பசை மிச்சம், லேபிள் இரண்டு தடவை ஒட்டிய அடையாளம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குடிக்க வேண்டாம். வாசனையை வைத்து மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். சந்தேகம் இருந்தால் பாட்டிலை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள். பழைய பாட்டில்களில் மூடியைச் சுற்றி ஈயத் தகடு இருப்பதும் உண்டு; உங்களுடையதில் இருந்தால் முழுசாக உரித்து, ஈரத்துணியால் வாயைத் துடைத்த பிறகு ஊற்றுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோடையில் திறக்காதீர்கள். அறையே 36, 38 டிகிரியில் இருந்தால் ஆல்கஹால் ஆவிதான் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். மார்கழி, தை சரியான காலம். அதுவரை பொறுக்க முடியாதென்றால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து, ஜில்லிப்பு பாதி இறங்கிய பிறகு ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், குறைந்தது முதல் கிளாஸுக்கு வேண்டாம். எவர்சில்வர் டம்ளரும் வேண்டாம். வாய் குறுகிய சின்னக் கண்ணாடி கிளாஸ் இருந்தால் மணம் தங்கும். அதற்கு முன் ஃபில்டர் காபி, வெற்றிலை பாக்கு, பிரியாணி எதுவும் கூடாது. ஆம்பூர் பிரியாணிக்குப் பிறகு எந்த ஜின்னைக் கொடுத்தாலும் நாக்குக்குப் பட்டை, கிராம்புதான் தெரியும்.

தண்ணீரைக் கவனியுங்கள். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு நல்ல ஜின்னையும் கெடுத்துவிடும். கேன் தண்ணீரோ, காவிரிக் கூட்டுக் குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்ததோ போதும். முதலில் தண்ணீரில்லாமல் ஒரு மிடறு, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து மூச்சிழுத்தபடி. பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நான் சொன்ன தனியா முதலில் வருகிறதா, புதினா நிற்கிறதா, எலுமிச்சை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பத்து நிமிஷத்தில் கிளாஸே மாறிவிடும், முதலில் வந்தது மறந்துபோகும்.

டானிக் பற்றி நண்பர் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டாவது கிளாஸுக்கு யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஊற்றலாம், ஆனால் ஜின் அளவுக்கு மேல் வேண்டாம். இப்போதைய டானிக்கின் சர்க்கரை பழைய ஜின்னை மூடிவிடும். எலுமிச்சம்பழம் பிழிவதையும் தவிர்க்கலாம், புளிப்பு முன்னால் வந்து மற்றதைத் தள்ளிவிடும். பாட்டிலில் போய்விட்ட அந்தத் தோல் வாசத்தைத் திரும்பக் கொண்டுவர, நார்த்தங்காயின் தோலைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, வெள்ளைச் சதை ஒட்டாமல், கிளாஸுக்கு மேலே முறுக்கிவிட்டுப் பாருங்கள். காட்பாடியில் அப்படித்தான் செய்தோம். கடைகளில் வரும் மெழுகு பூசிய வெளிநாட்டு ஆரஞ்சைவிட ஊறுகாய்க்கு வாங்கிய அந்த நார்த்தங்காய் எவ்வளவோ மேல். ஜின்னோடு டிரை வெர்மூத் (மூலிகை வாசனை சேர்த்த ஒயின்) கலந்த மார்ட்டினியைக் கலக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இந்த வகை ஜின்னுக்கு அதுதான் சரியான இடம். வெர்மூத் மட்டும் புதிதாக இருக்க வேண்டும், திறந்து மாதக்கணக்கில் கிடந்ததை ஊற்றக் கூடாது.

விற்கலாமா என்ற யோசனை வந்தால் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில். வீட்டிலிருக்கும் பாட்டிலை உரிமம் இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம், எவ்வளவு பழசாக இருந்தாலும்.

திறந்த பிறகு மிச்சத்தை ரொம்ப நாள் வைக்காதீர்கள். இத்தனை வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த மாற்றம், காற்றுப் பட்டதும் வேகம் பிடிக்கும். பாதிப் பாட்டில் சில மாதத்திலேயே தட்டையாகிவிடும். சுத்தமான சின்னக் கண்ணாடி பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடி, இருட்டில் வையுங்கள், ஃபிரிட்ஜ் என்றால் இன்னும் நல்லது. மேலே பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். வழக்கமாகத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பாட்டிலில் மட்டும் ஊற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் வெளியே போய்வந்தவர்கள் ஃபிரிட்ஜைத் திறந்ததும் முதலில் கைவைப்பது அதில்தான்.